ஜாடிக்குப் பணிவிடை செய்யும் மனிதர்கள்



நம் சமுதாயத்தின் வசதி படைத்த இல்லங்கள் சிலவற்றில் ஒரு வழக்கம் மெல்ல வேரூன்றி வருகிறது. வரவேற்பறையில் ஆளுயரக் கண்ணாடி அலமாரி. உள்ளே சின்னஞ்சிறு விளக்குகள். அந்த ஒளியில் நீலப் பூவேலை செய்த சீன ஜாடிகள், பொன்விளிம்பிட்ட ஐரோப்பியப் பூச்சாடிகள், இடைச்சி, வேட்டைக்காரன், நாய்க்குட்டி என்று பீங்கானில் வார்த்தெடுத்த உருவங்கள். ஜாடியில் ஊறுகாய் இல்லை. பூச்சாடியில் பூவும் இல்லை. தட்டில் எவரும் உண்டதில்லை. அலமாரிக்குப் பூட்டு உண்டு. சாவி வீட்டுத் தலைவரின் பையில் இருக்கும்.

"இவை எதற்கு?" என்று கேட்டால் மூன்று பதில்கள் வருகின்றன. "இது நம் பாரம்பரியம்" என்பது முதல் பதில். "அழகை மார்க்கம் தடுக்கவில்லையே" என்பது இரண்டாவது. "இது ஒரு முதலீடு" என்பது மூன்றாவது. இம்மூன்றையும் மார்க்கத்தின் தராசில் நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பீங்கான் ஹராம் என்று நான் கூறவில்லை. பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதையும் பருகுவதையும்தான் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மண்ணைக் குழைத்துச் சுட்டு, பளபளப்பேற்றிய பாத்திரத்தைப் பயன்படுத்துவது ஆகுமானதே. என் வழக்கு பாத்திரத்தோடு இல்லை. அதைச் சுற்றி நாம் எழுப்பியுள்ள நியாயங்களோடு.

பாரம்பரியம் என்ற வாதம்

இந்த வாதத்தில் உண்மை உண்டு. "பீங்கான்" என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து கடல் வழியாக நம் மொழிக்கு வந்ததுதான். 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கடலடியில் ஒரு மரக்கலம் கண்டறியப்பட்டது. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கலம் அரபு நாட்டு முறையில், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டப்பட்டிருந்தது. அதில் ஏறத்தாழ 60,000 சீனப் பாத்திரங்கள் இருந்தன. ஒரு கிண்ணத்தில் கி.பி. 826க்கு இணையான சீன ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தது. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் நடந்த அகழாய்வில் 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்துள்ளன. சீனாவின் ஜிங்தேஜென் நகரத்துக் குயவர்கள் யுவான் அரசர் காலத்தில் நீல ஓவியம் தீட்டப் பயன்படுத்திய கோபால்ட் நிறமி பாரசீக நிலத்திலிருந்து சென்றது. மிங் மரபைச் சேர்ந்த ஜெங்தே பேரரசரின் காலத்தில் (1506–1521) அரபு, பாரசீக எழுத்துகள் தீட்டிய பீங்கான்கள் அங்கு உருவாயின. ஆக, இக்கலையின் வரலாற்றில் முஸ்லிம்களுக்குப் பங்கு உண்டு என்பது மறுக்க முடியாத செய்தி.

ஆனால் அந்த வரலாறு எதைச் சொல்கிறது என்று ஊன்றிப் பாருங்கள். பெலித்துங் கலத்தில் இருந்த சரக்கின் பெரும்பகுதி சாங்ஷாப் பகுதியின் சூளைகளில் ஆயிரக்கணக்கில் சுட்டெடுத்த சாதாரணக் கிண்ணங்கள். மனிதர்கள் உண்ணவும் பருகவும் வாங்கிய பொருள்கள் அவை. பெரியபட்டினத்தில் கிடைத்தவையும் உடைந்த ஓடுகளே. புழங்கிய பொருள்தான் உடையும். நம் முன்னோர் பீங்கானைப் புழங்கினார்கள். பூட்டி வைத்துப் பூசிக்கவில்லை.

அந்தப் புழக்கத்தின் அடையாளம் இன்றும் நம்மிடம் இருக்கிறது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் விருந்துகளில் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து பலர் உண்ணும் வழக்கத்தை நாம் அறிவோம். செல்வரும் வறியவரும் ஒரே தட்டில் கையிடும் அந்த நேரத்தில் அங்கே யார் முதலாளி, யார் கூலியாள் என்று கண்டுபிடிக்க முடியாது. பாரம்பரியம் என்று பெருமை பேசத் தகுந்தது அந்தத் தட்டுதான். அது மனிதர்களைச் சேர்த்தது. கண்ணாடி அலமாரியில் இருக்கும் தட்டோ வீட்டுக்கு வருபவனிடம், "உனக்கும் எனக்கும் இவ்வளவு தூரம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

"சஹன்" என்ற அதே சொல் வரும் ஒரு வரலாற்று நிகழ்ச்சியை இங்கே நினைவூட்ட வேண்டும். பயணி இப்னு பதூதா 1326இல் திமிஷ்கு நகருக்குச் சென்றார். ஒரு நாள் அந்நகரின் சந்து ஒன்றில் ஓர் அடிமைச் சிறுவனைக் கண்டார். அவன் கையிலிருந்த சீனப் பீங்கான் தட்டு நழுவி விழுந்து நொறுங்கிப் போயிருந்தது. அவ்வூர் மக்கள் அத்தட்டைச் "சஹன்" என்றே அழைத்ததாகவும் அவர் குறிப்பிடுகிறார். மக்கள் கூடினர். "ஓடுகளைப் பொறுக்கிக்கொள், பாத்திரங்களுக்கான வக்ஃபின் பொறுப்பாளரிடம் போகலாம்" என்றார் ஒருவர். அவரே துணைக்குச் சென்றார். பொறுப்பாளர் உடைந்த ஓடுகளைப் பார்த்துவிட்டு, அதே போன்ற தட்டு வாங்கும் அளவுக்குப் பணம் கொடுத்தார். தட்டை உடைத்ததற்காக எசமானன் அந்தச் சிறுவனை அடிக்கவோ ஏசவோ கூடும்; அவன் உள்ளமும் உடைந்திருக்கும். உடைந்த உள்ளங்களை ஒட்டவைக்கும் நற்பணி இது என்று இப்னு பதூதா வியந்து எழுதியிருக்கிறார்.

சகோதரர்களே, நம் பாரம்பரியம் எது என்று இப்போது சொல்லுங்கள். சீனத் தட்டு வைத்திருந்ததா? அதை உடைத்த ஓர் அடிமைச் சிறுவன் அழக்கூடாது என்பதற்காக ஒரு வக்ஃபை ஏற்படுத்தியதா?

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் வரலாறு காட்டுகிறது. 1717இல் சாக்சனி நாட்டு மன்னர் அகஸ்டஸ், பிரஷ்ய மன்னருக்குத் தம் குதிரைப்படை வீரர்கள் 600 பேரைக் கொடுத்துவிட்டு, 151 சீனப் பீங்கான்களைப் பெற்றுக்கொண்டார். அவற்றுள் இருந்த பெரிய ஜாடிகளுக்குப் படைவீரர்களின் பெயராலேயே "டிராகூன் ஜாடிகள்" என்ற பெயர் நிலைத்துவிட்டது. தாய்க்குப் பிறந்த 600 மனிதர்கள் ஒரு தட்டில். சுட்ட மண் இன்னொரு தட்டில். தராசு மண்ணின் பக்கம் சாய்ந்தது.

திமிஷ்கின் வக்ஃபு ஒரு பாதை. சாக்சனியின் பண்டமாற்று இன்னொரு பாதை. நம் வீட்டு அலமாரி எந்தப் பாதையில் நிற்கிறது என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. தூசு தட்டும்போது வேலைக்காரப் பெண்ணின் கை தவறி அந்த ஜாடி விழுந்தால் என்ன நடக்கும்? அவள் சம்பளத்தில் பிடித்தம் செய்வோமா? அவளை வேலையை விட்டு அனுப்புவோமா? வீட்டுக்கு வந்த பேரக்குழந்தை அலமாரியைத் தொட்டால் கையில் அடிப்போமா?

கூலிக்கு அமர்த்தப்பட்ட வீட்டுப் பணியாளரின் கை அமானிதக் கை. வரம்புமீறலோ கவனக்குறைவோ இன்றிப் பொருள் சேதமானால் அவரிடம் ஈடு கேட்க இயலாது என்பது ஃபிக்ஹு நூல்கள் கூறும் பொது விதி. நபி (ஸல்) அவர்களின் இல்லத்திலேயே ஒரு பாத்திரம் உடைந்த நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அன்னையருள் ஒருவர் பணியாள் மூலம் உணவு அனுப்பினார். அப்போது நபியவர்கள் தங்கியிருந்த வீட்டின் அன்னை ரோஷத்தால் பணியாளின் கையைத் தட்டிவிட, பாத்திரம் உடைந்தது. நபியவர்கள் குரலை உயர்த்தவில்லை. தம் கரத்தாலேயே ஓடுகளைச் சேர்த்தார்கள். சிதறிய உணவையும் அள்ளி வைத்தார்கள். உடைத்தவரின் வீட்டிலிருந்து நல்ல பாத்திரத்தைப் பெற்று உரியவருக்கு அனுப்பினார்கள். நீதி நிறைவேறியது. பணியாள் மீது ஒரு சொல்லும் விழவில்லை. பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை ஒரு முறை கூட "சீ" என்று சொல்லாத நபியின் உம்மத் நாம்.

அழகு என்ற வாதம்

"அல்லாஹ் அழகன்; அழகை விரும்புகிறான் என்று நபிமொழி இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. ஆனால் அந்த நபிமொழியின் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். பெருமை பற்றிப் பேசும்போதுதான் அந்தச் சொல் வந்தது. நல்ல ஆடையும் நல்ல செருப்பும் விரும்புவது பெருமையாகுமா என்று ஒருவர் கேட்க, ஆகாது என விளக்கிய நபி (ஸல்) அவர்கள், உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்று முடித்தார்கள். அழகை ஏற்ற அதே நாவு, அழகின் எல்லையையும் வகுத்துவிட்டது. அண்டை வீட்டாரை அழைத்து விலை சொல்லிக் காட்டவென்றே வாங்கிய பொருள் எல்லையின் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை உரியவரே தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு முறை வாசலில் திரைச்சீலை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். பயணத்திலிருந்து திரும்பிய நபியவர்கள் அதைக் கண்டதும் முகம் மாறி, இழுத்துக் கிழித்தார்கள். கல்லுக்கும் களிமண்ணுக்கும் ஆடை அணிவிக்குமாறு அல்லாஹ் நமக்குக் கட்டளையிடவில்லை என்று கூறினார்கள். அன்னையவர்கள் அத்துணியைத் தலையணைகளாகத் தைத்துக்கொண்டார்கள். நபியவர்கள் அதைக் குறை கூறவில்லை. ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள இந்நிகழ்ச்சியில் நமக்கு இரு பாடங்கள் உண்டு. சுவரை அலங்கரிக்கச் செலவானது கண்டிக்கப்பட்டது. அதே துணி மனிதன் சாய்ந்து இளைப்பாறும் தலையணையானபோது ஏற்கப்பட்டது.

களிமண்ணுக்கு ஆடை அணிவிப்பதே தேவையற்றது என்றால், களிமண்ணுக்குக் கண்ணாடி மாளிகையும் விளக்கும் பூட்டும் அமைத்துக் கொடுப்பதை என்னவென்பது?

இனி உருவங்களுக்கு வருவோம். இங்கே வளைந்து கொடுக்க இடமில்லை. உயிருள்ளவற்றின் முழு வடிவச் சிலைகளை அலங்காரத்துக்காக வீட்டில் வைப்பது கூடாது என்பதில் நான்கு மத்ஹபுகளின் இமாம்களும் ஒன்றுபடுகிறார்கள். சிறு பிள்ளைகள் விளையாடும் பொம்மைகளுக்கு அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை ஆதாரமாகக் கொண்டு பெரும்பாலான அறிஞர்கள் விலக்கு அளித்துள்ளனர். அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் ஜெர்மனி நாட்டு மைசன் ஆலையின் இடைச்சியும் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் நாயும் எந்தப் பிள்ளையின் விளையாட்டுப் பொருள்? பிள்ளை தொட்டாலே அலறுகிறோமே! உருவங்கள் உள்ள வீட்டில் ரஹ்மத்துடைய மலக்குகள் நுழைவதில்லை என்பது நம் குழந்தைகள் மக்தபில் ஓதும் பாடம். அவர்கள் ஓதிவிட்டு வீடு திரும்பி எதைக் காண்கிறார்கள்?

இன்னும் சில வீடுகளில் பெரிய வயிற்றுடன் சிரிக்கும் சீன உருவம் வாசலைப் பார்த்து அமர்ந்திருக்கிறது. "செல்வம் வருமாம், சும்மா அழகுக்குத்தான்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். செல்வம் தருபவன் அர்ரஸ்ஸாக் ஒருவனே என்று ஐவேளையும் சாட்சி கூறும் நாவு, அந்த ஒரு சொல்லில் எவ்வளவு பெரிய பள்ளத்தின் விளிம்புக்குச் சென்றுவிடுகிறது!

"சுலைமான் (அலை) அவர்களுக்கு ஜின்கள் சிலைகள் செய்ததாகக் குர்ஆனில் இருக்கிறதே" என்று 34ஆம் அத்தியாயத்தைச் சிலர் எடுத்துக்காட்டுவதுண்டு. அது முந்திய ஷரீஅத். நம் நபியின் தெளிவான தடை வந்த பின்னர் அது நமக்குச் சட்டமாகாது. அவை உயிரற்றவற்றின் வடிவங்களாக இருக்கலாம் என்று கூறிய விரிவுரையாளர்களும் உண்டு.

பாத்திரத்தின் மேற்பரப்பில் தட்டையாகத் தீட்டிய உயிரின ஓவியங்களைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பூவும் கொடியும் மரமும் மலையும் தீட்டியவற்றில் எந்தத் தடையும் இல்லை. ஓவியத்தால் பிழைப்பு நடத்திய ஒருவரிடம், செய்துதான் ஆகவேண்டுமெனில் மரத்தையும் உயிரற்றவற்றையும் செய் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டினார்கள். அழகுக்கு மார்க்கம் திறந்து வைத்த வாசல் இவ்வளவு அகலமாக இருக்கும்போது, மூடிய வாசலை ஏன் தட்ட வேண்டும்?

முதலீடு என்ற வாதம்

மூன்றாவது வாதமே மிகவும் நுட்பமானது. மிகவும் ஆபத்தானதும் அதுவே.

"இவ்வளவு பணத்தை மண் பாத்திரத்தில் போடலாமா? இது வீண்விரயம் ஆகாதா?" என்று கேட்டால், "வீண்விரயமா! இது முதலீடு. பத்து ஆண்டில் இருமடங்காகும்" என்கிறார்கள். சரி என்று ஒப்புக்கொண்டு, ரமளானில் அவர்களிடமே, "அந்த முதலீட்டுக்கு ஜகாத் கணக்கிட்டீர்களா?" என்று கேட்டால், "அது வீட்டுச் சாமான்தானே! சொந்தப் பயன்பாட்டுப் பொருளுக்கு ஜகாத் ஏது?" என்கிறார்கள்.

ஒரே ஜாடி ஷஅபானில் முதலீடு; ரமளானில் வீட்டுச் சாமான்! மனிதர்களிடம் இந்த இரட்டை நாவு செல்லுபடியாகலாம். நெஞ்சங்கள் மறைப்பதை அறிபவனிடம் செல்லாது.

சட்டம் தெளிவானது. விற்று இலாபம் ஈட்டும் நிய்யத்துடன் விலை கொடுத்து வாங்கிய பொருள் வணிகச் சரக்காகும். ஹனஃபி, ஷாஃபிஈ, ஹன்பலி மத்ஹபுகளின்படி, ஜகாத்தின் மற்ற நிபந்தனைகள் நிறைவேறும்போது ஒவ்வோர் ஆண்டும் அன்றைய சந்தை மதிப்பில் இரண்டரை விழுக்காடு கொடுக்க வேண்டும். விலை ஏறட்டும் என்று சரக்கை நிறுத்தி வைத்திருப்பவர், விற்கும்போது ஓராண்டுக்குரிய ஜகாத்தைக் கொடுத்தால் போதும் என்பது மாலிக்கி மத்ஹபின் நிலை. எந்த மத்ஹபைப் பின்பற்றினாலும், "முதலீடு" என்று சொல்லிவிட்டு ஒருபோதும் ஜகாத் கொடுக்காமல் தப்பிக்க வழியே இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு: விற்கும் நோக்கத்துடன் 4,00,000 ரூபாய்க்கு ஒருவர் ஜாடி ஒன்றை வாங்கினார். ஆண்டு முடிவில் அதன் சந்தை மதிப்பு 6,00,000 ரூபாய். அவர் கொடுக்க வேண்டிய ஜகாத் 15,000 ரூபாய். அந்த 15,000 ரூபாய் அவருடையதன்று. அது ஓர் ஏழையின் உரிமை. ஒரு மதரஸா மாணவனின் ஓராண்டு உடையும் நூலும், ஒரு விதவையின் சில மாத அரிசியும் மருந்தும் அந்த ஜாடிக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன.

"மதிப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியாதே" என்று ஒரு சாக்கு சொல்வார்கள். விருந்தினரிடம் விலை சொல்லும்போது தெரிந்தது ஜகாத் கொடுக்கும்போது மட்டும் மறந்துபோகுமா? துறை அறிந்தவர் ஒருவரிடம் மதிப்பிட்டு வாங்குவது பெரிய காரியமன்று.

மாறாக, விற்கும் எண்ணமே இல்லை, பார்த்து மகிழவே வாங்கினேன் என்பவருக்கு ஜகாத் இல்லை. பாட்டி விட்டுச் சென்ற ஊறுகாய் ஜாடியை நினைவுக்காக வைத்திருப்பவருக்கும் இல்லை. ஆனால், பெருந்தொகை கொடுத்துப் பார்த்து மகிழ வாங்கியவர் இப்போது முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கடன்பட்ட உறவினரும் மணமாகாத ஏழைப் பெண்ணும் தெருவிலேயே இருக்க, இவ்வளவு பணத்தை மண்ணில் போட்டது இஸ்ராஃபா, இல்லையா? வீண்விரயம் செய்வோர் ஷைத்தானின் சகோதரர்கள் என்று 17ஆம் அத்தியாயம் கூறுவதை அவர் ஓதியிருப்பார். இரண்டில் ஒரு வாசல் வழியாக வரட்டும். இரண்டு வாசலுக்கும் நடுவே ஒளிந்துகொள்ள இடமில்லை.

இலாபம் என்ற கானல் நீர்

இனி, அந்த முதலீட்டின் இலட்சணத்தையும் பார்ப்போம். 2014இல் ஹாங்காங் ஏலத்தில் சேவலும் கோழியும் தீட்டிய ஒரு சிறு கிண்ணம் 28 கோடி ஹாங்காங் டாலருக்கும் மேல் விலைபோனது. 15ஆம் நூற்றாண்டின் செங்ஹுவா பேரரசர் காலத்தது, உள்ளங்கையில் அடங்கிவிடும், மது அருந்தச் செய்யப்பட்டது. அச்செய்தியைக் காட்டித்தான் நம்மவர்களுக்குச் சரக்கை விற்கிறார்கள்.

சொல்லாமல் விடுவது என்ன? சீனப் பீங்கானின் அடியில் எழுதப்பட்ட அரச முத்திரை காலத்துக்குச் சான்றாகாது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் காங்சி பேரரசர் காலத்துக் குயவர்களே முன்னோர்மீது கொண்ட மதிப்பால் செங்ஹுவா முத்திரையை எழுதினார்கள். 19ஆம் நூற்றாண்டில் காங்சி முத்திரையை எழுதினார்கள். பின்னர் வந்தவர்கள் ஏமாற்றுவதற்காகவே எழுதினார்கள். மைசன் ஆலையின் குறுக்கு வாள் முத்திரையும் இப்படியே பல இடங்களில் போலி செய்யப்பட்டது. புதுப் பீங்கானை அமிலத்தால் மங்கச் செய்து, தேநீர்ச் சாயமேற்றி, அடிவிளிம்பை உரசித் தேய்த்துவிட்டால், தேர்ந்த கண்ணும் தடுமாறும். எது மெய், எது போலி என்று வாங்குபவருக்கும் தெரியாது. சில நேரம் விற்பவருக்கும் தெரியாது. தன்மையே அறியாத பொருளை மெய்யான பழம்பொருளின் விலைக்கு வாங்குவதில் ஃகரர் நுழைகிறது. போலி எனத் தெரிந்தே விற்பவரின் நிலை இதைவிட மோசம். தானியக் குவியலின் உள்ளே ஈரத்தை மறைத்து விற்றவரிடம், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது இன்றைய பழம்பொருள் கடைக்கும் பொருந்தும்.

மேலும், நம் நாட்டின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி, தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரும் நூறாண்டு கடந்த பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. ஆகவே ஹாங்காங் விலையைக் காட்டி ஊரில் விற்கும் பேச்சு, கானல் நீரைக் காட்டிக் குடம் விற்பதற்கு ஒப்பானது.

இந்த வணிகத்தின் மறுமுனையில் நிற்பவர்களையும் மறக்க வேண்டாம். பழைய வீடு இடிபடுகிறது என்ற செய்தி கிடைத்ததும் இடைத்தரகர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். உள்ளே தனித்து வாழும் மூதாட்டிக்குத் தன் பரணில் இருப்பதன் மதிப்புத் தெரியாது. "பழைய மங்குப் பாத்திரம்தானே, யாருக்கு வேண்டும் இது?" என்று பேசி, சில நூறு ரூபாயைக் கையில் திணித்து எடுத்துச் செல்கிறார்கள். அதுவே பல ஆயிரமாகி, இலட்சமாகி நம் அலமாரிக்கு வந்து சேர்கிறது. சந்தை நிலவரம் அறியாமல் சரக்குடன் வரும் வணிகக் கூட்டத்தை வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து நிலவரம் அறிந்தபின் விற்பனையை முறித்துக்கொள்ளவும் உரிமை அளித்தார்கள். மதிப்பை அறியாதவரின் அறியாமையை மூலதனமாக்கக்கூடாது என்பதே அத்தடையின் உயிர்.

முந்திய சமுதாயத்தைச் சேர்ந்த இருவரைப் பற்றி நபியவர்கள் கூறிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒருவர் நிலம் வாங்கினார். அதில் பொன் நிறைந்த ஜாடி ஒன்று கிடைத்தது. "நான் நிலத்தைத்தான் வாங்கினேன், பொன்னை வாங்கவில்லை" என்று விற்றவரிடம் கொண்டுபோனார். "நிலத்தையும் அதிலுள்ளதையும் உமக்கு விற்றுவிட்டேன்" என்று அவர் மறுத்தார். வழக்குத் தீர்க்க வந்தவர், இருவரின் மகனுக்கும் மகளுக்கும் மணமுடித்து, அப்பொன்னை அவர்களுக்காகச் செலவிட்டு, தர்மமும் செய்யச் சொன்னார். ஒரு ஜாடியை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை.

செய்ய வேண்டியவை

கண்டிப்பதோடு நின்றுவிட்டால் அது கடமையில் பாதியே. அலமாரி வைத்திருக்கும் சகோதரர்கள் இந்த ரமளானுக்கு முன் சிலவற்றைச் செய்துவிடலாம்.

ஒவ்வொரு பொருளையும் எடுத்து, எந்த நிய்யத்தில் வாங்கினோம் என்று எழுதி வையுங்கள். விற்பனைக்கு என்று வாங்கியவற்றின் மதிப்பைக் கணக்கிட்டு, கடந்த ஆண்டுகளின் நிலுவையையும் சேர்த்து ஜகாத் கொடுங்கள். ஐயம் இருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கணக்குடன் செல்லுங்கள்.

உயிரின உருவங்களை வீட்டிலிருந்து அகற்றுங்கள். விற்றுப் பணமாக்கலாமா என்று கேட்பீர்கள். சிலைகளை விற்பதற்கும் தடை உண்டு. தலையை நீக்கிவிட்டால் உருவம் என்ற நிலையிலிருந்து அது மாறிவிடும் என்பதற்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் நபியவர்களுக்குக் கூறிய அறிவிப்பு ஆதாரமாக உள்ளது. விலையை எண்ணி மனம் பதறினால், அந்தப் பதற்றமே நோயின் அறிகுறி என்று அறிந்துகொள்ளுங்கள்.

வாரிசுரிமையில் கவனம் தேவை. தந்தை மவுத்தானதும் நிலத்தையும் நகையையும் பங்கிடுகிறோம். "இது குடும்பப் பொருள்" என்று சொல்லி விலையுயர்ந்த ஜாடிகளை மட்டும் மூத்த மகன் தன் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார். நான்காம் அத்தியாயம் பெண்மக்களுக்கு வகுத்த பங்கு ஊசி வரைக்கும் உண்டு. அது பீங்கானுக்கும் உண்டு. மதிப்பிட்டுப் பங்கிடுங்கள், அல்லது சகோதரிகளின் மனமொப்பிய சம்மதத்தைப் பெறுங்கள்.

மெய்யாகவே வரலாற்று மதிப்புள்ள பொருள் உங்களிடம் இருந்தால், பாரம்பரியம் என்ற உங்கள் சொல்லை மெய்ப்பிக்க ஒரு வழி இருக்கிறது. பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் 1611இல் தம்மிடமிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீனப் பீங்கான்களை அர்தபீல் நகரத்துக்கு வக்ஃபாகக் கொடுத்து, அவற்றின் மீது வக்ஃபு வாசகத்தையும் பொறிக்கச் செய்தார். அவருடைய கொள்கையிலும் அவர் கொடுத்த இடத்திலும் நமக்கு உடன்பாடு இல்லாதிருக்கலாம். ஆயினும், சொந்த அலமாரியிலிருந்து பொதுவிடத்துக்குப் பொருளை நகர்த்திய செயலில் நமக்கும் ஒரு படிப்பினை உண்டு. அரசு அருங்காட்சியகத்துக்கோ, ஊர் நூலகத்துக்கோ அளித்துவிட்டால், ஊரின் பிள்ளைகள் அனைவரும் தம் முன்னோரின் கடல் வணிகத்தைக் கண்ணால் கண்டு கற்பார்கள்.

எஞ்சிய தட்டுகளையும் கிண்ணங்களையும் அலமாரியிலிருந்து எடுத்துக் கழுவி, விரிப்பில் வையுங்கள். நபி (ஸல்) அவர்கள் பருகிய கோப்பை அனஸ் (ரலி) அவர்களிடம் இருந்தது. அதில் விரிசல் கண்டபோது வெள்ளிக் கம்பியால் இணைத்துப் பாதுகாத்தார்கள். இந்தக் கோப்பையில் நபியவர்களுக்கு எத்தனையோ முறை பருகக் கொடுத்திருக்கிறேன் என்று நினைவுகூர்ந்தார்கள். உலகில் அதைவிட மதிப்புள்ள பாத்திரம் ஒன்று இருக்க முடியுமா? அதன் மதிப்போ, அதில் ஒருவருக்கு நீர் கொடுத்த நினைவில் இருந்தது.

உங்கள் தட்டில் ஓர் அநாதை உண்ணட்டும். உங்கள் கிண்ணத்தில் நோன்பாளி ஒருவர் கஞ்சி பருகட்டும். அது உடைந்தால் உடையட்டும். உடைந்த ஓடும் நாளை நமக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லக்கூடும். பூட்டிய அலமாரியில் கீறலின்றி இருக்கும் ஜாடியோ, நமக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடுமோ என்று அஞ்ச வேண்டியிருக்கிறது.

வல்ல ரஹ்மான் நம் செல்வத்தை நம் கையில் வைத்து, நம் உள்ளத்தை அதனிடம் சிக்காமல் காப்பானாக! நம் பாத்திரங்களைப் பசித்தோருக்குப் பயன்படுவனவாக ஆக்குவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.